இடுக்குப் பிள்ளையார் வாசலில் துரை

மெஹ்ருன்னிசா பிறந்ததும் திருவண்ணாமலை, வாழ்க்கைப்பட்டதும் திருவண்ணாமலை. ஐம்பது வயதைத் தாண்டியும் ஒரு தடவைகூட மலையைச் சுற்றியதில்லை. ஏன் சுற்ற வேண்டும்? துணி காயப்போட மாடிக்கு ஏறினால் மலை எதிரே நிற்கும். இவள் போர்வையை உதறுவாள், அது பாட்டுக்கு நிற்கும். இருவருக்கும் நடுவில் எந்த வம்பும் கிடையாது. பௌர்ணமி என்றால் அவளுக்கு ஆட்டோ வராத நாள், கடைத்தெருப் பக்கம் தலைகாட்ட முடியாத நாள், அவ்வளவுதான். அப்படிப்பட்டவளை மலையைச் சுற்ற வைத்தது ஒரு நாய். அதுவும் கண் தெரியாத, சர்க்கரை வியாதி பிடித்த ஒரு கிழட்டு நாய்.

நாயின் பெயர் துரை. செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் தெருவில் அவள் வீடு. முன்னறையில் கணவர் அப்துல் மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்ப்பார். மாடியில் ராஜேந்திரன் வாடகைக்கு இருந்தார். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை, மகள் ஓசூரில். அவர் தனியாளாக வருகிறார் என்று நம்பித்தான் வீட்டைக் கொடுத்தார்கள். சாமான் வண்டியின் முன் சீட்டிலிருந்து கம்பீரமாக இறங்கியது துரை.

லாப்ரடார் ஜாதி. அந்த ஜாதியைப் படைக்கும்போது வயிற்றை முதலில் செய்துவிட்டு, மற்றதையெல்லாம் அப்புறம் ஒட்டியிருக்க வேண்டும். ரொட்டி, வாழைப்பழத் தோல், சோப்பு, எதையும் விடாது. ஒரு முறை அப்துலின் மேஜையிலிருந்து மிக்ஸி வாஷரை விழுங்கி, மறுநாள் தோட்டத்தில் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தது. அப்துல் அதைக் கழுவி எடுத்து வைத்தார். யாருடைய மிக்ஸியில் மாட்டினார் என்று கேட்காதீர்கள்.

மெஹ்ருன்னிசாவுக்கு நாய் என்றால் பயமில்லை, எச்சில்தான் பிரச்சினை. தொழுகைக்கு உடுத்தும் துணியில் நாயின் எச்சில் பட்டால் ஆகாது. "முடி பட்டா பரவால்ல மெஹ்ரூ, எச்சில்தான் ஆகாது. பட்டா கழுவிக்க, அவ்ளோதான். பள்ளிவாசல் ஹஜ்ரத்து கிட்டயே கேட்டுட்டேன்" என்று அப்துல் சமாதானம் சொன்னார். ஆனால் துரையோ மூக்காலும் நாக்காலும் உலகத்தைப் பார்க்கிற பிராணி. பார்வை போன பிறகு அது இன்னும் ஜாஸ்தியானது.

பார்வை போனது சர்க்கரையால்தான். குடம் குடமாகத் தண்ணீர் குடித்து, படியெல்லாம் நனைத்து, தின்னத் தின்ன இளைத்தது. கால்நடை மருத்துவர் பார்த்த உடனே சொல்லிவிட்டார். அதற்குள் கண்ணில் வெள்ளை படர்ந்துவிட்டது. அரிசி கம்மி, உப்பில்லாமல் வேகவைத்த கோழி, பூசணி, பீன்ஸ், இரண்டு வேளையும் ஒரே நேரத்தில் சாப்பாடு, கூடவே இன்சுலின் ஊசி. அப்துலுக்கும் சர்க்கரை. மாடியில் பிரிட்ஜ் இல்லாததால், கீழ்வீட்டு பிரிட்ஜில் அப்துலின் மருந்தும் துரையின் மருந்தும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. மாறிவிடக் கூடாதே என்று துரையின் மருந்துக்கு அவள் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டினாள்.

கண் போன பிறகும் ராஜேந்திரன் பௌர்ணமிதோறும் துரையைக் கூட்டிக்கொண்டு மலை சுற்றப் போனார். "பாவம் சார், குருட்டு ஜீவன். அத ஏன் இழுத்துக்கினு போறீங்க?" என்று அவள் கேட்டதுண்டு.

"நான் எங்கம்மா இழுக்கறேன்? அவன்தான் என்ன இழுத்துக்கினு போறான். கயிறு கூட கட்றதில்ல" என்றார் அவர்.

நாய் வளர்ப்பவர்களின் பேச்சு தெரியாதா? பேரப்பிள்ளை பெருமைக்கு அடுத்தபடி நாய்ப் பெருமைதான். அவள் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

ஆனி மாதத்தில் ராஜேந்திரனுக்கு நெஞ்சுவலி வந்தது. வேலூருக்குக் கொண்டு போனார்கள். அங்கேயே முடிந்துவிட்டது. மகள் உடலை ஓசூருக்கு எடுத்துப்போய்க் காரியத்தை முடித்தாள். மாடிச் சாமானை எடுக்க வந்தபோது, "எங்க அப்பார்ட்மெண்ட்ல நாய் வெச்சிக்க வுடமாட்டாங்க ஆன்ட்டி, ஒரு எடம் பாக்கற வரைக்கும் வெச்சிக்கங்க" என்று அழுதாள். அழுகிற பெண்ணிடம் முடியாது என்று சொல்ல மெஹ்ருன்னிசாவுக்கு வாய் வரவில்லை. மாடி காலியாயிற்று. அவர் போய்விட்டதை எல்லாருக்கும் சொல்லி அனுப்பினார்கள், பால்காரருக்குக் கூடச் சொன்னார்கள். துரைக்கு மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

ராஜேந்திரன் விட்டுப்போனதில் ஒரு காக்கிச் சட்டை மட்டும் கொடியில் மிஞ்சியிருந்தது. மெஹ்ருன்னிசா அதை எடுத்து வைத்துக்கொண்டாள். துரைக்குச் சாப்பாடு வைக்கும்போதும் ஊசி போடும்போதும் தன் உடுப்புக்கு மேல் அதை மாட்டிக்கொள்வாள். எச்சில் பட்டால் சட்டையோடு போகும். சட்டையை மாட்டினால் துரை இன்னும் கொஞ்சம் ஒட்டி நிற்கும். மருந்து நேரத்தில் அடங்கி நிற்கிறதே என்று அவளுக்கும் வசதியாகத்தான் இருந்தது.

அடுத்த இரண்டு பௌர்ணமிக்கும் துரை கேட்டருகே நின்று முனகியது. அன்றைக்கு என்ன நாள் என்று குருட்டு நாய்க்கு யார் சொன்னது? தெருவில் செருப்பில்லாத கால்கள் நடக்கிற சத்தமும் அன்னதானப் பந்தலின் நெய் வாசனையும் சொல்லியிருக்கும். அவள் அதைப் பின்கட்டில் கட்டிப் போட்டாள்.

மூன்றாவது பௌர்ணமி புரட்டாசியில் வந்தது. அன்று காலையிலேயே திதி பிறந்ததால் விடிந்ததிலிருந்து கூட்டம். மெஹ்ருன்னிசா காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு துரைக்கு ஊசி போட்டாள். இங்கேதான் தப்பு நடந்தது. "மொதல்ல சாப்பிடட்டும், சாப்ட்டதப் பாத்துட்டு அப்புறம் ஊசி போடும்மா" என்று ராஜேந்திரன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் அப்துலுக்கு முதலில் ஊசி, பிறகு தட்டு. வருஷக்கணக்கில் பழகிய கை அது. துரை என்றைக்குச் சாப்பிட மாட்டேன் என்றது என்று அவளும் அலட்சியமாக இருந்துவிட்டாள். கோழி கொதிக்கக் கொதிக்க இருந்தது. ஆறட்டும் என்று காற்றாடிக்கு அடியில் வைத்துவிட்டுத் திரும்பினாள். அதற்குள் யாரோ பழுதான கிரைண்டரைத் தூக்கி வர, அப்துல் கேட்டைத் திறந்து விட்டிருந்தார்.

துரை இல்லை.

வெறும் வயிற்றில் ஊசி. அது என்ன செய்யும் என்று அந்த வீட்டில் அவளுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? ஒரு நாள் அப்துல் ஊசி போட்டுக்கொண்டு சாப்பிட மறந்து வேலையில் உட்கார்ந்தவர், வேர்த்து, கை நடுங்கி, மேஜையோடு சரிந்தார். அன்றைக்கு அவள் வாயில் குளுக்கோஸைத் தடவித்தான் ஆளை மீட்டாள். நாய்க்கு நடுரோட்டில் அப்படி ஆனால் யார் தடவுவார்கள்?

"நீ போ மெஹ்ரூ, என் கால் புண்ண வெச்சிக்கினு நான் நடக்க முடியாது. திரும்பி வந்தா நான் புடிச்சிக்கறேன்" என்று அப்துல் தன் குளுக்கோஸ் பொட்டலத்தை அவள் சட்டைப் பையில் திணித்தார். அவள் தலையில் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடினாள். செருப்பு போட மறந்ததும், மேலே ஆம்பளைச் சட்டை கிடப்பதும் தெருமுனையில்தான் உறைத்தது.

தெருமுனையில் கற்பூரம் விற்கும் உண்ணாமலை கையை நீட்டினாள். "கூட்டத்தோட போறான்க்கா. நான் கூப்ட்டேன், காது குடுக்கல. வேலைக்குப் போற மாதிரி போறான்!"

செங்கம் ரோடு முழுக்கத் தலைகள். ஆட்டோ கிடையாது, பைக் கிடையாது, நடந்துதான் ஆக வேண்டும். இந்தக் கால்களுக்கு நடுவில் கண்ணில்லாத ஒரு நாயா? மிதிபட்டிருக்கும், எங்கேயாவது சாக்கடையில் விழுந்திருக்கும். ஓரங்களைப் பார்த்துக்கொண்டே எமலிங்கம் வரை வந்துவிட்டாள். அங்கே தண்ணீர்ப் பந்தலில் நின்றவரிடம் கேட்டாள். "சந்தனக் கலர்ல, கண்ணு வெள்ளையா, குண்டா ஒரு நாய் பாத்தீங்களாங்க?"

"துரையா?" என்றார் அவர்.

அவள் திகைத்தாள். "பேர் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாதா பின்ன? இப்பதான் தண்ணி குடிச்சிட்டுப் போனான். ரொம்ப நாளாச்சே பாத்துன்னு ரெண்டு பிஸ்கட்டு போட்டேன்."

சர்க்கரை நாய்க்கு இனிப்பு பிஸ்கட்டு. மற்ற நாளாக இருந்தால் அவர் தலைமுறைக்கே திட்டு விழுந்திருக்கும். அன்றைக்கு அவளுக்கு அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. ரெண்டு பிஸ்கட்டு கொஞ்ச நேரம் தாங்கும்.

அப்புறம் நடந்ததை அவள் இன்றைக்கும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்கிறாள். அவள் போகிற இடமெல்லாம் துரை சற்று முன்புதான் போயிருந்தது. நிருதிலிங்கத்துக்கு அருகில் மூலிகை சூப் விற்பவர், "ஆமாம்மா, வந்து தள்ளுவண்டி சக்கரத்த மோந்து பாத்துட்டு நின்னான். சார் சூப் குடிக்கற வரைக்கும் நிக்கற அதே நேரம் நின்னான். அப்புறம் போய்ட்டான்" என்றார். சாலை வலது பக்கம் திரும்பும் இடத்தில் அன்னதானப் பந்தல். அங்கே ஒரு தொன்னை வெண்பொங்கல். வருணலிங்கத்தைத் தாண்டி ஒரு குடும்பம் புளிசாதத்தில் பங்கு கொடுத்திருந்தது. பார்வையுள்ள மனிதர்கள் பிள்ளைகளைத் தொலைத்துவிட்டு மைக்கில் கூப்பிட்டுக்கொண்டிருந்த அந்தச் சாலையில், கண்ணில்லாத ஒரு நாய் ஒரு நிறுத்தத்தைக்கூடத் தவற விடாமல் போய்க்கொண்டிருந்தது.

கூட்டத்தை விட அவள் பயந்தது தெரு நாய்களுக்குத்தான். ஒவ்வொரு வளைவும் ஒரு கூட்டத்தின் ராஜ்ஜியம். வெளிநாய் வந்தால் கிழித்துப் போடும். ஆதி அண்ணாமலையில் சோளம் சுட்டுக்கொண்டிருந்த பெண் அதையும் சொன்னாள். "இங்க எட்டு பத்து நாய் இருக்குதும்மா, எல்லாம் கடங்காரப் பசங்க. அது வந்ததும் சுத்திக்கிச்சுங்க. அது அப்படியே வயித்தக் காட்டிப் படுத்துக்கிச்சு. எல்லாம் மோந்து பாத்துச்சுங்க. அப்புறம் வழி வுட்டுச்சுங்க. எங்க பெரிய கறுப்பன், அவன் யாருக்கும் அடங்க மாட்டான், அவன் அந்தக் கோடி வரைக்கும் கூடவே போய் வுட்டுட்டு வந்தான்!"

மெஹ்ருன்னிசா ஒரு கணம் நின்றுவிட்டாள். வலது பக்கம் மலை நின்றது, அவள் மாடியிலிருந்து பார்க்கிற முகம் இல்லை, வேறொரு முகம். தன் வீட்டுப் பின்கட்டில் சோற்றுக்கு வாலாட்டிக்கொண்டு கிடந்தது இந்த நாய்தானா? இத்தனை பேரைத் தெரிந்து வைத்திருக்கிறதே, இத்தனை வழியை மூக்கில் வைத்திருக்கிறதே! அவன்தான் என்னை இழுத்துக்கொண்டு போகிறான் என்று அந்த மனிதர் சொன்னது பெருமைப் பேச்சு இல்லை. உள்ளதைச் சொல்லியிருக்கிறார். அவளுக்குத்தான் காதில் விழவில்லை.

உள்ளங்கால் கொப்பளித்தது. வெயில் ஏறிவிட்டது. பின்னால் வந்த ஒரு கிழவர், "கரண்ட் ஆபீஸாம்மா? துப்பட்டாவும் காக்கிச் சட்டையுமா, வெறுங்காலோட... வேண்டுதலா?" என்றார் மரியாதையாக.

"நாயத் தேடிக்கினு வந்தேங்க" என்றாள் அவள்.

அவர் அதையும் ஏதோ பெரிய தத்துவமாக எடுத்துக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

குபேரலிங்கத்துக்குப் பிறகுதான் விபரீதம் புரிந்தது. அங்கே யாரும் துரைக்கு எதுவும் கொடுத்திருக்கவில்லை. "போச்சும்மா, ஆனா தள்ளாடிக்கினு போச்சு" என்றார்கள். தின்றதெல்லாம் கரைந்து, ஊசி முழு வேகத்தில் வேலை செய்கிற நேரம். அவள் ஓடினாள்.

இடுக்குப் பிள்ளையார் கோயிலை வெளியிலிருந்து பார்த்தால் சின்னக் கல் மண்டபம். ஒரு பக்கத்தில் நுழைந்து, ஒருக்களித்துப் படுத்து, தவழ்ந்து, குறுகலான வாசல்கள் வழியாக மறு பக்கம் வெளியே வர வேண்டும். அந்த மறுபக்க வாசலுக்கு எதிரே, கல்லில், துரை உட்கார்ந்திருந்தது.

மூக்கு வாசலைப் பார்த்தபடி இருந்தது. உள்ளேயிருந்து ஒரு தலை வெளியே வரும். துரை மூக்கை நீட்டி முகரும். பிறகு மூக்கை மறுபடி வாசலுக்கே திருப்பிக்கொள்ளும். அடுத்த தலை, அடுத்த முகர்தல். பின்னங்கால்கள் வெடவெடவென்று நடுங்கின. வாயோரம் நுரை.

"துரை!" என்று ஓடிப்போய் உட்கார்ந்தாள். காது மட்டும் அசைந்தது. அங்கே எலுமிச்சை சர்பத் விற்கும் வேணு என்பவர் அருகில் வந்தார்.

"நீங்க அந்த சார் வீடாம்மா? சார் எங்க? அவர் உள்ள போனா இவன் சுத்திக்கினு வந்து இங்க உக்காந்துக்குவான். அவர் வெளிய வந்து, பாக்கெட்லருந்து எடுத்துக் குடுத்தாதான் எழுந்திருப்பான். நான் எத்தன தடவ எது குடுத்தாலும் அதுக்கு முன்னாடி வாயத் தொறக்க மாட்டான். இன்னிக்கி பன்னு போட்டேன், தொடல."

"சார் ஆனி மாசமே போய்ட்டாருங்க" என்றாள்.

அவள் சர்பத் டம்ளரில் தண்ணீர் வாங்கிக் குளுக்கோஸைக் கரைத்துத் துரையின் வாயருகே கொண்டு போனாள். முகத்தைத் திருப்பிக்கொண்டது. தாடையைப் பிடித்துத் திறக்கப் பார்த்தாள். சோப்பைக்கூட விடாத அந்த வாய் பூட்டுப் போட்ட மாதிரி இறுகியிருந்தது. வாசலில் இன்னொரு தலை வந்தது. துரை நடுங்கிக்கொண்டே மூக்கை நீட்டியது, முகர்ந்தது, திருப்பிக்கொண்டது. மெஹ்ருன்னிசாவுக்கு அழுகை வந்துவிட்டது. கூடவே கோபமும் வந்தது, துரை மேல் இல்லை, இதற்கு யாருமே எதுவும் சொல்லாமல் விட்டதன் மேல்.

மிச்சப் பொட்டலத்தை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். மண்டபத்தைச் சுற்றி நுழைவாசலுக்குப் போனாள். வரிசையில் நின்றவர்களிடம், "எனக்குக் கொஞ்சம் வழி வுடுங்க, ஒரு உயிர் போற வேலை" என்றாள். அவள் முகத்தைப் பார்த்து ஒதுங்கினார்கள். குனிந்தபோது ஒரு நொடி தயங்கினாள். எதுவும் நிய்யத்தை, மனசிலிருக்கும் எண்ணத்தைப் பொறுத்தது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் அவள். நான் எதற்காக நுழைகிறேன் என்று அல்லாவுக்குத் தெரியும் என்று சொல்லிக்கொண்டாள். அவள் நிய்யத்து நாய்.

உடம்பு பூசினாற்போல இருப்பவள். நடு இடுக்கில் இடுப்பு மாட்டிக்கொண்டது. "ஒருக்களிச்சிக்கம்மா, மூச்ச வுட்டுட்டுத் தள்ளு" என்று பின்னாலிருந்து குரல்கள் யோசனை சொல்லின. கல் குளிர்ந்து, எண்ணெய்ப் பிசுக்காக இருந்தது. காக்கிச் சட்டை தேய்ந்து தேய்ந்து உரசியது. முழங்கையை ஊன்றி ஒரு உந்து. தலை வெளிச்சத்துக்கு வந்தது.

ஈர மூக்கு அவள் நெற்றியில் பட்டது. கன்னத்தில் பட்டது. கழுத்துக்கு இறங்கியது. சட்டைக் காலரில் வந்து நின்றது. அங்கேயே நின்றது. மற்றவர்களை ஒரு முகர்தலில் தள்ளிவிட்ட மூக்கு, அவளிடம் மட்டும் வெகு நேரம் இழுத்து இழுத்து மோந்தது. எத்தனை துவைத்தும் அந்தத் துணியில் மிஞ்சியிருந்த மனிதரையும், மூன்று மாதமாக அதைப் போட்டுக்கொண்டு சோறு வைத்தவளையும் அது சேர்த்து மோந்துகொண்டிருந்தது. பாதி உடம்பு உள்ளேயும் பாதி வெளியேயுமாக அவள் அசையாமல் கிடந்தாள்.

பிறகு துரை சட்டைப் பையை மூக்கால் இடித்தது.

படுத்த வாக்கிலேயே அவள் மிச்சப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். வேணு ஓடி வந்து தண்ணீர் ஊற்றினார். உள்ளங்கையைக் குவித்தாள். எந்த நாக்குக்குப் பயந்து இத்தனை நாளும் சட்டையை மாட்டினாளோ, அந்த நாக்கு அவள் வெறுங்கையைச் சுத்தமாக நக்கியது. இன்னொரு தடவை குவித்தாள், இன்னொரு தடவை. வேணு போட்டிருந்த பன் அங்கேயே கிடந்தது. அதையும் நனைத்துக் கொடுத்தாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கால் நடுக்கம் அடங்கியது.

"கை எல்லாம் எச்சிலா ஆயிடுச்சேம்மா" என்றார் வேணு.

"கழுவிக்கலாங்க. வீட்ல தண்ணிக்கா பஞ்சம்?" என்றாள் மெஹ்ருன்னிசா. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

அவள் வெளியே வந்து நகர்ந்து உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் காத்திருந்தவர் தவழ்ந்து வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர், இன்னொருவர். துரை மூக்கைத் திருப்பவில்லை. வாசலுக்கு முதுகைக் காட்டி, அவள் மடியில் தாடையை வைத்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் எழுந்து உடம்பைச் சிலிர்த்து, வலது தோளை மலைப் பக்கம் வைத்துக்கொண்டு ரோட்டில் இறங்கி நின்றது. அவள் வருகிறாளா என்று ஒரு காதைப் பின்னால் திருப்பியது.

"வர்றேன் இரு, கால் கொப்பளிச்சிருக்கு" என்று சொல்லிக்கொண்டே அவள் அதன் பின்னால் நடந்தாள்.